தான் எரியாத உப்பு

ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளே குச்சிகள், வெளியே, பக்கவாட்டில் பழுப்பு நிறப் பட்டை. குச்சியைச் சுவரில் உரசினால் லேசில் பற்றாது. அந்தப் பட்டையில் ஒரு இழுப்பு இழுத்தால் சட்டென்று பற்றும். குச்சித் தலையில் இருக்கும் ஒரு பொருளும் பட்டையில் இருக்கும் ஒரு பொருளும் ஒரே கலவையில் இருந்தால், கை பட்டாலே வெடித்துவிடும். அதனால்தான் ஒன்றைக் குச்சியிலும் மற்றதைப் பெட்டியிலும் பிரித்து வைத்தார்கள். பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சி மருந்தில் கிட்டத்தட்ட பாதி, பொட்டாசியம் குளோரேட் என்ற வெள்ளை உப்பு. இந்தக் கட்டுரை அந்த உப்பையும் அதன் சொந்தபந்தங்களையும் பற்றியது.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ். அம்மா பகலில் ஆபீஸில் கட்டை அடுக்குவார், ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவார். நான் படித்து, வேதியியல் ஆசிரியையாகி, அந்த வட்டாரத்துப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று பட்டாசு ஆலைகளில் போர்மேன்களாகவும் மருந்து அறைகளில் வேலை செய்பவர்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே, எரிவதற்கு ஆக்சிஜனைக் கொடுக்கும் ஆக்சிஜனேற்றி என்ற பாடத்தைப் பரீட்சைக்கான பாடமாக மட்டும் என்னால் ஒருநாளும் நடத்த முடிந்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் உயிர் அந்தப் பாடத்தில் இருந்தது.

ஒரு பொருள் எரிய மூன்று வேண்டும் என்று சின்ன வகுப்பிலேயே படிக்கிறோம்: எரிபொருள், சூடு, ஆக்சிஜன். விறகு அடுப்பில் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது. காற்றில் அது ஐந்தில் ஒரு பங்குதான் இருப்பதால் நெருப்பு நிதானமாக எரிகிறது. ஊதாங்குழலால் ஊதினால் சுறுசுறுப்பாகிறது. ஆனால் வெடிக்குள் திணித்த மருந்துக்குக் காற்று ஏது? இறுகச் சுற்றிய காகிதக் குழாய்க்குள், அடைத்த களிமண்ணுக்குப் பின்னால், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் அது எரிந்து முடிக்க வேண்டும். வெளிக்காற்றுக்காக அது காத்திருப்பதில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியவன் வழியில் சாப்பாட்டுக் கடையைத் தேடுவானா? மருந்துக்குள் இருக்கும் உப்பு தன் ஆக்சிஜனைத் தன்னோடே கொண்டு வருகிறது.

எவ்வளவு கொண்டு வருகிறது தெரியுமா? 100 கிராம் பொட்டாசியம் குளோரேட் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அதைச் சூடாக்கி முழுவதும் சிதைத்தால் 39 கிராம் ஆக்சிஜன் வெளியாகும். சாதாரண வெப்பநிலையில் அது சுமார் 30 லிட்டர். அவ்வளவு ஆக்சிஜன் காற்றிலிருந்து வேண்டுமானால் 140 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். இத்தனையும் பார்வைக்குச் சமையல் உப்பு மாதிரி வெள்ளையாக, வாசனையில்லாமல், சாதுவாக இருக்கும் ஒரு பொடிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

அந்த உப்பு தான் எரியாது. அதில் நெருப்பை வைத்தால் உருகும், கொதித்துக் குமிழி விடும், சுடர் வராது. பக்கத்தில் எரியக்கூடிய ஏதாவது இருந்தால்தான் அதன் குணம் தெரியும். கந்தகம், கரித்தூள், அலுமினியப் பவுடர், சர்க்கரை, மரத்தூள், துணி, எண்ணெய்ப் பிசுக்கு, எது கிடைத்தாலும் போதும். எரிவதைத்தான் நம் கண் பார்க்கிறது. எரிய வைப்பது எது என்று கவனிக்க யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

எங்கள் பக்கத்துப் பட்டாசுத் தொழிலில் இந்த உப்புகளுக்கு நடைமுறைப் பெயர்கள் உண்டு. பொட்டாசியம் நைட்ரேட், வெடியுப்பு. பேரியம் நைட்ரேட், பச்சை உப்பு. மருந்து எரியும்போது பச்சை ஒளி தருவதால் அந்தப் பெயர். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து பல நூற்றாண்டுப் பழையது. அதன் எடையில் முக்கால் பங்கு வெடியுப்புதான். எரிபொருளைவிட ஆக்சிஜனேற்றியே அதிகம் வேண்டியிருக்கிறது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

வெடியுப்பும் குளோரேட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் சுபாவம் வேறு. வெடியுப்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நாம் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோரேட் சிதையும்போது அதுவே சூட்டை வெளிவிடுகிறது. ஒருமுறை தொடங்கினால் தன் சூட்டிலேயே ஓடும். அதோடு கந்தகம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கந்தகப் பொடியின் மேற்பரப்பில் காற்றும் ஈரமும் பட்டு நுண்ணிய அளவில் அமிலம் உண்டாகியிருக்கும். அந்த அமிலம் குளோரேட்டைத் தொட்டால் நிலையற்ற சேர்மங்கள் பிறக்கும். கலவையை யாரும் உரசக்கூட வேண்டாம். சும்மா இருக்கும்போதே பற்றலாம். உரசினாலோ, தட்டினாலோ, கேட்கவே வேண்டாம்.

இந்தப் பாடத்துக்கு முதல் விலை கொடுத்த இடம் பிரான்ஸ். பொட்டாசியம் குளோரேட்டை 1780-களில் கண்டுபிடித்தவர் பெர்தொலே. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்வதுதான் என்று உலகுக்கு நிறுவிய லவாய்சியர் அப்போது அரசாங்க வெடிமருந்து நிர்வாகத்திலும் பொறுப்பில் இருந்தார். வெடியுப்புக்குப் பதிலாகக் குளோரேட்டைப் போட்டால் துப்பாக்கி மருந்து இன்னும் வீரியமாகுமே என்று பெர்தொலே நினைத்தார். 1788 அக்டோபரில் பாரிஸுக்குத் தெற்கே எசோன் என்ற ஊரின் மருந்து ஆலையில் சோதனை நடந்தது. லவாய்சியர், அவர் மனைவி மரி-ஆன், பெர்தொலே மூவரும் அங்கே இருந்தார்கள். கலவை வெடித்தது. ஆலை அதிகாரி ஒருவரும் ஓர் இளம்பெண்ணும் இறந்துபோனார்கள். உலகத்தின் ஆகச் சிறந்த வேதியியலாளர்கள் பக்கத்தில் நின்றும் அந்த இரண்டு உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தியாவில் பட்டாசுகளில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு தடை விதித்தது 1992-இல். எசோனுக்கும் அதற்கும் நடுவே 200 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நடுவில் சிவகாசி பிறந்து வளர்ந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதிலிருந்து மத்தாப்பு, பட்டாசு, அச்சகம் என்று ஊர் பெருகியது. வானம் பார்த்த கரிசல் பூமியில் அந்தத் தொழில்தான் எங்கள் வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். தொழில் வந்த வேகத்துக்கு அதன் வேதியியல் தொழிலாளியிடம் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தீப்பெட்டியில் குளோரேட் இன்றும் இருக்கிறது. அதை அங்கே அடக்கி வைத்திருக்கும் விதம் அழகானது. 1840-களில் சுவீடனில் பாஷ் என்பவர் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பட்டைக்கு மாற்றினார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். குச்சியை இழுக்கும்போது பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு பாஸ்பரஸ் பெயர்ந்து குச்சித் தலையின் குளோரேட்டோடு உரசுகிறது. மருந்தில் கலந்த கண்ணாடித் தூள் அந்த உராய்வைக் கூட்டுகிறது. ஒரு பொறி. அந்தப் பொறியின் சூட்டில் குளோரேட் ஆக்சிஜனை விடுகிறது, கந்தகமும் மருந்தைப் பிடித்திருக்கும் பசையும் எரிகின்றன. பிறகு குச்சியில் ஊறியிருக்கும் மெழுகு பற்றுகிறது, அதிலிருந்து மரம் பற்றுகிறது. "சர்ர்" என்ற அந்த முதல் சத்தம் வரைக்கும் குளோரேட்டின் ஆக்சிஜன்; அதற்குப் பிறகு அமைதியாக எரியும் சுடருக்கு நம் அறைக் காற்று. அடுத்த முறை பற்றவைக்கும்போது இரண்டு நெருப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள், கண்ணுக்கே தெரியும்.

இதுவரை ஆக்சிஜனைக் கொடுப்பது என்றே சொல்லி வந்தேன். முழு உண்மை இன்னும் ஒரு படி கீழே, எலக்ட்ரானில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட எனக்குக் கிடைத்த நல்ல கருவி பொட்டாசியம் பர்மாங்கனேட். பியூரெட்டில் அதன் கரைசலை நிரப்பினால் கத்திரிப்பூ நிறத்தில், வெளிச்சமே ஊடுருவாத அளவுக்கு அடர்த்தியாக நிற்கும். மற்றக் கரைசல்களுக்குக் கீழ் வளைவைப் பார்த்து அளவெடுக்கும் பிள்ளைகள் இதற்கு மட்டும் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். கீழே கூம்புக் குடுவையில் ஃபெரஸ் சல்பேட், நீர்த்த கந்தக அமிலத்தோடு. ஒரு சொட்டு விழுகிறது. குடுவையைச் சுழற்றுகிறோம். ஊதா நிறம் இருந்த இடம் தெரியாமல் மறைகிறது. இன்னொரு சொட்டு, அதுவும் மறைகிறது. கடைசியில் ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுவதும் வெளிறிய இளஞ்சிவப்பு பரவி, சுழற்றினாலும் போகாமல் நின்றுவிடும். அந்த நொடியில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை மூடுவார்கள்.

அங்கே நடந்தது என்ன? ஒவ்வொரு இரும்பு அயனியும் ஓர் எலக்ட்ரானை இழந்தது. பர்மாங்கனேட்டில் உள்ள ஒவ்வொரு மாங்கனீசும் ஐந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு நிறமிழந்தது. ஐந்து இரும்புக்கு ஒரு பர்மாங்கனேட் என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. குடுவையில் இரும்பு தீர்ந்தபின் வந்த சொட்டுக்குப் பறிக்க எலக்ட்ரான் இல்லை, அதனால் நிறம் நின்றது. தீயில்லை, புகையில்லை, ஆனால் தீப்பெட்டிக்குள் நடக்கும் அதே கொடுக்கல் வாங்கல். எலக்ட்ரானைப் பறிக்கும் பொருள் ஆக்சிஜனேற்றி. பறிகொடுப்பது ஆக்சிஜனேற்றம் அடைகிறது, பறித்தது ஒடுக்கமடைகிறது. ஒன்று நடக்காமல் மற்றது நடக்காது. இப்படிப் பார்த்தால் ஆக்சிஜனே இல்லாத ஆக்சிஜனேற்றியும் உண்டு. சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதைச் சமையல் உப்பாக்கும் குளோரின் அப்படிப்பட்டது. தனிமங்களிலேயே ஆக வலுவான ஆக்சிஜனேற்றி ஃபுளூரின்.

ஃபெரஸ் சல்பேட்டுக்குப் பதில் ஆக்சாலிக் அமிலம் வைத்தால் இன்னொரு வேடிக்கை. கரைசலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகும் முதல் சொட்டு நிறம் மாறாமல் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும். அது ஒருவழியாக மறைந்தபின் அடுத்தடுத்த சொட்டுகள் மளமளவென்று மறையும். முதல் சொட்டில் உண்டான மாங்கனீசு அயனியே பிறகு வரும் வினைக்கு ஊக்கியாகிவிடுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாத பிள்ளைகூட இதைப் பார்த்தால் மறப்பதில்லை.

ஊருக்குள் இருக்கும் மற்ற ஆக்சிஜனேற்றிகளைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலைத் தொட்டியில் கலக்கும் பிளீச்சிங் பவுடர் கிருமியின் புரதங்களிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து அதைக் கொல்கிறது. குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருந்தால் போதும். அதே பவுடரைக் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது, நாம் சாப்பிட்ட சோறு சக்தியாவது, இரண்டிலும் காற்றின் ஆக்சிஜன்தான் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது.

பச்சை உப்புக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியின் பிழைப்பே இன்று அதைச் சுற்றி நிற்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. காற்றில் கலக்கும் பேரியம் சேர்மங்கள் உடம்புக்குக் கேடு. தடையை நீக்கக் கோரிய உற்பத்தியாளர்களின் மனுவை 2023 செப்டம்பரிலும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பச்சை நிறம் போனால் போகட்டும், வேறு நிறம் வைத்துக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். நிறம் அதன் ஒரு வேலை மட்டும்தான். கம்பி மத்தாப்பிலும் சக்கரத்திலும் புஸ்வாணத்திலும் ஆக்சிஜனைத் தருவதே அந்த உப்புதான். அலுமினியமும் இரும்புத் தூளும் பூப்பூவாகச் சிதறுவது அதன் தயவில். அதற்குப் பதிலாக ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டை வைக்கலாம், ஆனால் அது ஈரத்தை இழுக்கும். கம்பியில் காய வைத்த மருந்து நமுத்துப் போகும். ஒரு ஆக்சிஜனேற்றியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, எடையையும் விலையையும் மட்டும் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. உருகும் சூடு, ஈரம் பிடிக்கும் தன்மை, பக்கத்தில் எந்த உலோகம் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எசோனில் பார்க்கத் தவறியது அதைத்தான்.

ஈரம் என்றதும் மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு முந்தைய அவசரமும் வடகிழக்குப் பருவமழையும் எங்கள் ஊரில் ஒன்றாக வந்து சேரும். நைட்ரேட் உப்பும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்தில் ஈரம் இறங்கினால் இரண்டும் மெதுவாக வினைபுரியத் தொடங்கும், சூடு பிறக்கும். குவியலின் நடுவில் பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். அமோனியா வாடை லேசாக அடித்தால் அதுதான் எச்சரிக்கை. கலந்த மருந்தை ராத்திரி மிச்சம் வைக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கல, அன்றே செலுத்தி முடி என்ற விதியெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். விதிக்குப் பின்னால் இருக்கும் வேதியியலைச் சொல்லித் தந்திருந்தால் தொழிலாளியே மறுத்திருப்பான். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உதவிக்கு ஓடி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அன்றைக்கு ஆசிரியர் தினம். அதற்குப் பிறகு அந்தத் தேதியில் யாராவது எனக்கு வாழ்த்துச் சொன்னால் அந்தப் பெயர்தான் முதலில் மனசில் வரும்.

ஆக்சிஜனேற்றி என்றாலே ஆபத்து என்று முடிவுகட்ட வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். விகாஸ் எஞ்சினுக்கு ஆக்சிஜனேற்றி நைட்ரஜன் டெட்ராக்சைடு. கிரையோஜெனிக் எஞ்சினுக்கு மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜன். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் கட்டத்தில் இருக்கும் 138 டன் திட உந்துபொருளில் பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு. குளோரேட்டில் மூன்று ஆக்சிஜன் அணு, பெர்குளோரேட்டில் நான்கு. கூட ஓர் அணு இருந்தும் பெர்குளோரேட்தான் அடக்கமான பிள்ளை. நம் வீட்டுத் தீக்குச்சியின் பங்காளிதான் செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றால் வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இடம் தெரியாமல் சேர்த்து வைப்பதுதான் வினை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னை மணலியிலும் 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அதே உப்பு சுமார் 700 டன் கிடப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. சில நாட்களில் லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். உரமாகப் பயிருக்குப் போகும் உப்புதான். ஆனால் அதன் ஒரு பாதி எலக்ட்ரானைப் பறிக்கும், மறு பாதி கொடுக்கும். இரண்டும் ஒரே உப்பில் சேர்ந்திருக்கின்றன. நெடுஞ்சாலையில் மஞ்சள் சாய்சதுர அட்டையில், ஒரு வட்டத்தின் மேல் தீச்சுடர் வரைந்து, அடியில் 5.1 என்று எழுதிய லாரியைப் பார்த்தால், உள்ளே இருப்பது ஆக்சிஜனேற்றி என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

போர்மேனாக இருக்கும் பழைய மாணவன் ஒருவன் கோயில் கொடையில் பார்த்தபோது கேட்டான்: "டீச்சர், அறையில தீ பிடிச்சா மணலை அள்ளிப் போட்டா அமந்துராதா? வாளி வாளியா தொங்க விட்டிருக்கோமே."

"காகிதம் எரிஞ்சா போடு, அமரும்டா. மருந்து எரிஞ்சா மணல் எதுக்கு? மணல் காத்தைத் தடுக்கும். மருந்துக்குத்தான் காத்தே வேண்டாமே."

"அப்ப தண்ணி?"

"தனி உப்பு மூட்டை சூடாகுதுன்னா நிறையத் தண்ணியடிச்சுக் குளிர வைக்கலாம். அலுமினியப் பவுடர் கலந்திருந்தா தண்ணி பட்டு ஹைட்ரஜன் கிளம்பும். நீ எதையும் யோசிச்சு நிக்காத, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு. அறை போனா கட்டிக்கலாம்."

அவன் மனைவியும் பக்கத்தில் நின்றாள். உப்பு வந்த காலிச் சாக்குகளை வீட்டுக்கு எடுத்து வந்து வாசலில் மிதியடியாகப் போட்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். நைட்ரேட்டோ குளோரேட்டோ ஊறிய சணல் சாக்கு சாதாரணச் சாக்கு அல்ல. நூலே எரிபொருள், அதிலேயே ஆக்சிஜனும் ஊறியிருக்கிறது. ஒரு பொறி விழுந்தால் சீறிக்கொண்டு எரியும். வேலைக்குப் போட்டுப் போன சட்டையும் சேலையும்கூட அப்படித்தான். ஆலையில் சாக்கை நிறையத் தண்ணீரில் அலசச் சொல்லு, வேலைத் துணியை வீட்டுத் துணியோடு போடாதே, அந்தத் துணியோடு அடுப்பங்கரைக்குள் நுழையாதே என்றேன். அன்று சாயங்காலமே மிதியடியை எடுத்துவிட்டதாக அவள் போன் பண்ணிச் சொன்னாள். தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் கிடக்கிறதாம். அவர்களிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.